வீடு உங்களுடையதாகவே இருக்கும்

எட்டயபுரத்தில் டீயும் கையுமாகப் பேச உட்கார்ந்தால், பழைய வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது இதுதான்: "பாரம்பரியக் கட்டடம்னு எழுதிட்டா வீட்டை அரசாங்கம் எடுத்துக்கிடுமா, அண்ணாச்சி?"

பயம் நியாயமானது. அவர்கள் கண்முன் இருக்கும் உதாரணம் பாரதி பிறந்த வீடு. அது அரசு வசமாகி நினைவில்லமானது. அங்கே யாரும் குடியிருப்பதில்லை. ஆனால் காப்பதற்கு அது ஒன்றுதான் வழி என்றில்லை.

இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்திலிருந்து வளர்ந்த, பழைய கட்டடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிடும் முறையைப் பாருங்கள். பட்டியலில் உள்ளவற்றில் பத்துக்கு ஒன்பது கடைசித் தரத்தைச் சேர்ந்தவை. சின்னக் கிராமங்களில் ஆட்கள் வாழும் வீடுகளும் அதில் ஏராளம். உரிமையாளர் விற்கலாம், வாடகைக்கு விடலாம். கட்டடத்தின் தன்மை மாறும்படி இடிக்கவோ திருத்தவோ மட்டும் முன் அனுமதி வேண்டும். மீறினால் குற்றம்.

பழஞ்சின்னங்களைக் காக்கும் நம்முடைய 1958 மத்தியச் சட்டமும் 1966 தமிழ்நாட்டுச் சட்டமும் கோயில், கோட்டை, தொல்லியல் இடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மத்தியப் பாதுகாப்புச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை. குடியிருக்கும் தெருவுக்கு அந்தச் சட்டை பொருந்தாது. மாநிலப் பாரம்பரிய ஆணையத்துக்கு 2012-இல் சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வர 2024 ஆகிவிட்டது. இத்தனை ஆண்டுகள் வீணானது எனக்குப் பெரிய வருத்தம்.

பட்டியல் போட்டால் மட்டும் வீடு நிற்காது. 2025 மார்ச்சில் பாரதி வீட்டின் மேற்கூரையிலேயே ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இங்கே கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். சுண்ணாம்புக் காரைச் சுவர் அந்த அசைவுக்கு ஓரளவு இசைந்து கொடுக்கும், உறிஞ்சிய ஈரத்தையும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பிப் பெயர்ந்து, உத்திரத்தின் முனைவரை உளுத்துப்போகும். நல்லெண்ணத்தோடு செய்யும் 'ரிப்பேர்' பல வீடுகளை இப்படித்தான் கெடுக்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கேட்காமல் சுவரில் கை வைக்காதீர்கள்.

முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்த ஊர் இது. சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் அச்சேறியதும் இங்கேதான். மணிமண்டபங்கள் கட்டியிருக்கிறோம், சரி. அவர்கள் காலத்துத் தெருக்களில் மிஞ்சியிருக்கும் திண்ணை வீடுகளுக்கு ஆணையம் முதலில் ஒரு பட்டியல் எடுக்கட்டும். காரை வேலைக்கு ஆகும் கூடுதல் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கட்டும். அனுமதி கேட்டுப் போகிறவர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் சென்னைக்கும் அலையாமல், பேரூராட்சியிலேயே மனு கொடுக்க வழி செய்யட்டும்.