வீடு வாங்கும் முன் – 7: பாதிச் சுவரின் கணக்கு

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை முழுக்கக் கடந்து கிள்ளிப்பாலம் பக்கம் வந்தால் வலியசாலை. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தப் பெயரைத் தாங்கி மகாதேவர் கோயில் இன்றும் இருக்கிறது. கோயிலை ஒட்டிய அக்கிரகாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட, வீடுகள் கை மாறுகின்றன. கோயில் பக்கம், கடைக்கு நடக்கிற தூரம், பேச்சுத் துணைக்குத் தமிழ். ஓய்வுக் காலத்துக்கு வீடு தேடுகிறவர்கள் இந்தத் தெருவின் மேல் ஆசைப்படுவது நியாயம்தான். எனக்கும் இந்தத் தெரு மேல் பிரியம் உண்டு. அதனாலேயே கண்டிப்பாகச் சொல்கிறேன்: பத்திரத்தை வக்கீல் பார்த்துவிட்டார், வில்லங்கம் இல்லை என்று தெரிந்துவிட்டது, இனி என்ன என்று அட்வான்ஸைக் கொடுத்துவிடாதீர்கள். வக்கீல் பார்ப்பது காகிதத்தை. நீங்கள் குடியிருக்கப் போவது சுவர்களுக்கு நடுவில்.

அந்தச் சுவரில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அக்கிரகாரத்து வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. இடப்பக்கச் சுவரும் வலப்பக்கச் சுவரும் பெரும்பாலும் பொதுச் சுவர்கள். ஒரு பேச்சுக்கு, உள்ளளவு 18 அடி அகலமும் 120 அடி நீளமும் உள்ள மனை என்று வைத்துக்கொள்வோம். 2,160 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் இது ஐந்து சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. சுவர் ஒன்றரை அடி கனம் இருந்து, இரு பக்கமும் பாதிப் பாதி உங்களுடையது என்றால் அகலம் 19.5 அடியாகிவிடும். அப்போது 2,340 சதுர அடி, ஏறக்குறைய 5.37 சென்ட். பத்திரத்தில் 'ஐந்து சென்ட்' என்று எழுதியிருந்தால் அது எந்தக் கணக்கு? நகரத்தின் நடுவில் அந்த 180 சதுர அடியின் விலையைப் போட்டுப் பார்த்தால் சர்வேயருக்குக் கொடுக்கும் கூலி ஒன்றுமே இல்லை.

பழைய மனைகள் நேர்செவ்வகமாக இருக்கும் என்றும் நம்பக்கூடாது. வாசலில் 18 அடி இருப்பது நடுமுற்றத்தில் 17 ஆகி, கொல்லையில் 16 ஆகக் குறையலாம். அதனால் முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று மூன்று இடத்திலாவது அகலத்தை எடுக்கச் சொல்லுங்கள். மூலைவிட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். கிணறு எல்லைக்கோட்டில் இருந்தால், தண்ணீர் எடுக்கும் உரிமை யாருக்கெல்லாம் உண்டு என்று பழைய பாகப்பத்திரத்தைத் தேடிப் படியுங்கள். விற்கிறவர் வாய்மொழியாகச் சொல்வது போதாது.

கேரளத்துக் காகிதங்கள் நம் ஊர்க்காரருக்குக் கொஞ்சம் புதிதாக இருக்கும். பத்திரத்தை அங்கே ஆதாரம் என்பார்கள். நாம் பட்டா மாறுதல் என்பது அங்கே போக்குவரவு. வில்லேஜ் ஆபீஸில் ஒவ்வொரு நில உடைமையாளருக்கும் ஒரு தண்டப்பேர் எண் உண்டு. அதை வைத்துத்தான் நிலவரி, அதாவது கரம், கட்டுவார்கள். கர ரசீதில் அளவு ஆர் கணக்கில் வரும். ஒரு ஆர் 100 சதுர மீட்டர். ஐந்து சென்ட் என்றால் சுமார் 2.02 ஆர். ஆதாரத்தில் ஒன்று, ரசீதில் ஒன்று, தரையில் ஒன்று என்று மூன்று அளவுகள் வந்தால், விற்கிறவர் அதைச் சரிசெய்து கொடுத்த பிறகே மேற்கொண்டு பேசலாம். பழைய சர்வே எண்ணுக்கும் ரீசர்வே எண்ணுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. கேரளம் 2022 நவம்பர் 1 முதல் மாநிலம் முழுவதையும் டிஜிட்டலாக மறு அளவை செய்து வருகிறது. ஆர்.டி.கே. ரோவர், ரோபோட்டிக் டோட்டல் ஸ்டேஷன், டிரோன் என்று கருவிகள் புதியவை. பதிவுத் துறை, வருவாய்த் துறை, சர்வே துறை மூன்றின் தகவல்களையும் ஒன்றாக இணைத்த 'என்டே பூமி' தளம் 2024இல் வந்தது. நல்ல வேலை, நம் ஊருக்கும் வரவேண்டிய வேலை. ஆனால் மறு அளவை நடக்கும் காலத்தில் வாங்குகிறவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வரைவு வரைபடம் வெளியாகும்போது ஆட்சேபம் சொல்ல வேண்டியவர் நில உடைமையாளர். அவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு கவனிக்காமல் விட்டிருந்தால், அந்தத் தவறான கோடு உங்கள் தலையில் வந்து விழும்.

எல்லை சரி என்று வந்த பிறகு கட்டடத்தைப் பார்க்க ஒரு சிவில் இன்ஜினியரைத் தனியாகக் கூட்டிப் போங்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து போனாரே என்று சொல்லாதீர்கள். அவர் பார்ப்பது, கொடுக்கும் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்பதை. இங்கிலாந்திலும் இந்த வித்தியாசம் உண்டு. அங்கே பழைய வீடு வாங்குகிறவர் பட்டயச் சர்வேயரை வைத்து மிக விரிவான மூன்றாம் நிலை அறிக்கையையே வாங்கச் சொல்வார்கள்.

வலியசாலை மாதிரியான வீட்டில் இன்ஜினியர் முதலில் போக வேண்டிய இடம் மச்சு. உத்திரத்தின் முனை சுவருக்குள் போகிற இடத்தில்தான் மரம் முதலில் உளுக்கும். நடுவில் தட்டிப் பார்த்தால் கணீரென்று இருக்கும். முனையில் ஸ்குரூடிரைவரை அழுத்தினால் சில வீடுகளில் பொடி உதிரும். சுவரோரம் விரல் கனத்துக்கு மண்கோடு ஏறியிருந்தால் கரையான். ஒரே ஒரு அறைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அந்தச் சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக் குளியலறையாக இருக்கலாம்.

பக்கத்து வீட்டைப் பற்றியும் விசாரியுங்கள். அவர் பழைய வீட்டை இடித்துக் கான்கிரீட்டில் கட்டப் போகிறார் என்றால், அவர் தோண்டுகிற அஸ்திவாரக் குழி உங்கள் சுவரின் காலடியில்தான் இருக்கும். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, 20 ஆண்டு தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சம், காற்று, கட்டடத்துக்கான தாங்கல் ஆகியவற்றுக்கு உரிமை கோரலாம். கோரலாம் என்றால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். அறுபது வயதில் அதற்காகவா வீடு வாங்குகிறோம்?

அதே 1882இல் வந்த சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவை எல்லோரும் ஒரு முறை படிக்க வேண்டும். தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்கிறவர் வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. ஆனால் வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காத குறைக்குத்தான் அது பொருந்தும். அளந்து பார்க்காமல் வாங்கிவிட்டு, மறைத்துவிட்டார் என்று பின்னால் சொன்னால் எடுபடுவது கடினம்.

ஆகவே அட்வான்ஸ் ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: பக்கத்து வீட்டார் முன்னிலையில் அளந்து, கிடைக்கிற அளவுக்கே விலை, இன்ஜினியர் அறிக்கையில் பெரிய குறை வந்தால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும். இதற்குச் சம்மதிக்காதவரிடம், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள்.