தோட்டத்துச் சடக்கும் இரு வீச்சு மோட்டார் சைக்கிளும்: வட சிலாங்கூர்த் தோட்டங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

மலேசியத் தமிழர் வாழ்வியலை ஆராய்ந்தோர் இரப்பர் மரத்தையும் லயத்து வீட்டையும் விரிவாகப் பேசியுள்ளனர். லயத்து வாசலில் நின்ற சிறிய மோட்டார் சைக்கிளும் அத்தகைய கவனத்திற்கு உரியதே. கோல சிலாங்கூர், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரத் தோட்டங்களில் அவ்வூர்தி ஏன் வேரூன்றியது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தோட்டம் என்பது நடைதூரத்தை அளவாகக் கொண்டு அமைந்த குடியிருப்பாகும். பெரட்டுக்களம், வேலைக்காடு, ஆயக்கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியன காலால் எட்டும் தொலைவில் இருந்தன. இடைநிலைப்பள்ளி, மருத்துவமனை, சந்தை முதலியன வெளியே இருந்தன. பேருந்தோ பெருஞ்சாலையோடு நின்றுவிடும். உட்புறச் செம்மண் சடக்கை நடந்தோ சைக்கிளிலோ கடக்க வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியை நிரப்பியதே ‘கப்சாய்’ எனப்படும் சிறு மோட்டார் சைக்கிள். ஹோண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட சூப்பர் கப் இவ்வடிவத்தின் முன்னோடி. ‘கப்’ என்னும் அப்பெயருடன், சிறியது எனப் பொருள்படும் காண்டனீஸ் ஒட்டு இணைந்து ‘கப்சாய்’ ஆயிற்று என்பர். ஹோண்டாவினுடையது நான்கு வீச்சு இயந்திரம். யமஹா, சுசுகி நிறுவனங்கள் அதையொத்த வடிவில் இரு வீச்சு இயந்திரத்தைப் பொருத்தின. 1946இல் இத்தாலியில் தோன்றிய வெஸ்பா ஸ்கூட்டரும் இரு வீச்சு வகையே. ஆயினும் அதன் 8 அங்குலச் சக்கரம் தார்ச்சாலைக்கே ஏற்றது. கப்சாயின் 17 அங்குலச் சக்கரம் குழி விழுந்த சடக்கையும் தாங்கியது.

நான்கு வீச்சு இயந்திரத்தில் சுழல்தண்டு இருமுறை சுற்றும்போது ஒருமுறை எரிபொருள் எரிகிறது. இரு வீச்சு இயந்திரத்திலோ ஒவ்வொரு சுற்றிலும் எரிகிறது. ஆகவே, சிறிய இயந்திரமே போதிய விசையைத் தருகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் அமைப்பு இதற்குத் தேவையில்லை. உறுப்புகள் குறைவு, எடை குறைவு, பழுதுபார்க்கும் செலவும் குறைவு. குறைந்த வருமானக் குடும்பத்திற்கு இவை பெரும் நன்மைகளாம். இதற்கு விலையும் உண்டு. மசகெண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிவதால் நீலப்புகை எழுகிறது. எரியாத பெட்ரோலின் ஒரு பகுதியும் புகைக்குழாய் வழியே வீணாகிறது. 1996இல் மொடேனாஸ் நிறுவனம் நான்கு வீச்சுக் ‘கிரிஸ்’ வண்டியை வெளியிட்டது. பின்னர் நான்கு வீச்சு வகையே நாட்டில் மேலோங்கியது.

தோட்டத் துண்டாடலும், இரப்பருக்குப் பதிலாகச் செம்பனை பயிரிடப்பட்டதும் தோட்ட வேலைவாய்ப்பைச் சுருக்கின. லயத்தில் குடியிருந்தவாறே வெளியூர்த் தொழிற்சாலைக்குச் சென்றுவர மோட்டார் சைக்கிள் வழிசெய்தது. தந்தையின் வேலை அவருடைய குடியிருப்போடு பிணைந்திருந்தது. மகனின் வேலை அவ்வாறு பிணைந்திருக்கவில்லை. இம்மாற்றத்தில் இவ்வூர்திக்குப் பங்குண்டு எனலாம்.

எனினும், அதன் இழப்பையும் மறைத்தலாகாது. மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. தலைக்கவசம் 1973இல் சட்டமாயிற்று. 16 வயது நிரம்பியவரே ஓட்டுநர் உரிமம் பெறலாம். உட்புறச் சடக்கில் இவ்விரண்டையும் பொருட்படுத்தாது பழகிய இளைஞன் பெருஞ்சாலையிலும் அப்பழக்கத்தையே கொண்டு செல்கிறான். விடுதலை தந்த ஊர்தியே உயிரையும் கேட்கும் இந்நிலையை வகுப்பறையில் எடுத்துரைப்பது தமிழாசிரியர் கடமையாகும். பெரட்டு, சடக்கு, கப்சாய் என்னும் சொற்களின் வரலாற்றைக் கற்பிக்கும் பாடத்திலேயே அதற்கும் இடமுண்டு.