குழந்தைகளின் உச்சரிப்பைச் சீராக்கும் விளையாட்டுகள்: பெற்றோர் அறிய வேண்டியவை

நான்கு வயதைக் கடந்த குழந்தை ஒன்று 'காய்' என்று சொல்ல முயன்று 'தாய்' என்கிறது. "சரியாகச் சொல்" என்று வீட்டினர் மீண்டும் மீண்டும் அதட்டினால், நாளடைவில் அக்குழந்தை பேசவே தயங்கக்கூடும். பேச்சு சிகிச்சையில் விளையாட்டு முக்கிய இடம் பெறுவது இதனால்தான். புதிய ஒலி பழக்கமாவதற்கு அதைப் பலநூறு முறை சொல்ல வேண்டும். விளையாட்டில் அந்தப் பயிற்சி சுமையாகத் தெரிவதில்லை.

முதலில் செவித்திறன்

உச்சரிப்புக் குறைபாடு தெரிந்தால், முதலில் செவித்திறனைப் பரிசோதிக்க வேண்டும். காதில் சரியாக விழாத ஒலியைக் குழந்தையால் சரியாகச் சொல்ல இயலாது. கேட்கும் திறன் சீராக இருப்பின், ஒலிகளை வேறுபடுத்தி அறியும் விளையாட்டிலிருந்து தொடங்கலாம். 'க' ஒலியில் தொடங்கும் பொருள்களை ஒரு தட்டிலும், 'த' ஒலியில் தொடங்குபவற்றை மற்றொரு தட்டிலும் குழந்தை பிரித்து வைக்க வேண்டும்.

இணைச் சொல் அட்டைகள்

ஓர் ஒலியில் மட்டும் வேறுபடும் இரு சொற்களின் படங்களைக் கொண்டு ஆடுவது அடுத்த கட்டம். தமிழில் 'காய் - தாய்', இந்தியில் 'காலா' (கருப்பு) - 'தாலா' (பூட்டு) ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். காய் படத்தை விரும்பும் குழந்தை 'தாய்' என்று கேட்டால், தாயின் படமே கையில் தரப்படும். ஒலி மாறினால் பொருளும் மாறும் என்பதைக் குழந்தை தானே உணர்ந்து கொள்கிறது.

கண்ணாடி முன் வாயசைவைப் பார்த்துப் பழகுதல், பாண்டி ஆட்டத்தில் கட்டத்துக்கு ஒரு சொல் சொல்லித் தாண்டுதல், பல்லாங்குழியில் ஒவ்வொரு சோழிக்கும் ஒரு சொல் கூறுதல் ஆகியவையும் உதவும். தனி ஒலி, அசை, சொல், வாக்கியம், இயல்பான உரையாடல் என்ற வரிசையில் பயிற்சி முன்னேற வேண்டும். பலூன் ஊதுவது, விசில் அடிப்பது ஆகியவற்றால் மட்டும் உச்சரிப்பு திருந்திவிடாது. ஒலியைச் சொல்லிப் பழகுவதே பயன் தரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

நாள்தோறும் பத்து நிமிடப் பயிற்சி போதுமானது. குழந்தை 'தாக்கா' என்றால் கண்டிக்காமல், "ஆமாம், காக்கா பறக்கிறது" என்று சரியான வடிவத்தைக் கேட்கச் செய்யலாம். 'ர', 'ழ' போன்ற ஒலிகள் தாமதமாக வருவது இயல்பு. ஆனால் நான்கு வயதிலும் குழந்தையின் பேச்சு பிறருக்குப் பெரும்பாலும் புரியவில்லை எனில் நிபுணரை அணுக வேண்டும்.

எங்கே அணுகலாம்?

மைசூருவில் 1965-ல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம், மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. 2013-ல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டு, தேவைப்படுவோர் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். தனியார் சிகிச்சையை நாடுவோர், நிபுணர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்பதை உறுதி செய்துகொள்வது அவசியம்.

எந்த ஒலியில் தொடங்குவது, எப்போது அடுத்த கட்டத்துக்குச் செல்வது என்பதை நிபுணரே முடிவு செய்வார். அந்த ஒலியை அன்றாடப் பேச்சில் நிலைபெறச் செய்வதில் பெற்றோரின் பங்கு பெரிது.