மிதிவண்டியின் தேய்மானமும் ஓடிய தொலைவும்

பாலக்காடு மாவட்டத்தின் தென்பகுதியில், நெல்லியாம்பதி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கொல்லங்கோடு. இடவப்பாதி மழை பெய்யும் மாதங்களில் இவ்வூரின் வயல்வழிப் பாதைகள் சேறாகிவிடும். மார்கழி, தை மாதங்களிலோ பாலக்காட்டுக் கணவாயின் வழியே கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று புழுதியை வாரி இறைக்கும். இத்தகைய இடத்தில் மிதிவண்டியையே நம்பி வேலை செய்யும் ஊழியருக்கும், பள்ளிக்குச் செல்லும் ஆசிரியருக்கும், வண்டியின் எந்த உறுப்பை எப்போது மாற்ற வேண்டும் என்பது அற்பமான வினா அன்று. உரிய காலத்தில் மாற்றாவிடில் ஓர் உறுப்பின் தேய்மானம் மற்றோர் உறுப்பையும் கெடுக்கும். சில வேளைகளில் ஓட்டுபவரைக் கீழே தள்ளிவிடவும் கூடும்.

நாட்கணக்கு போதாது

‘வண்டி வாங்கி இரண்டாண்டு ஆயிற்று’ என்று கூறுவதால் அதன் தேய்மானம் விளங்குவதில்லை. ஒரே நாளில் வாங்கிய இரு வண்டிகளில் ஒன்று திங்களுக்கு 400 கிலோமீட்டரும் மற்றொன்று 40 கிலோமீட்டரும் ஓடியிருக்கலாம். ஆகவே முதலில் அறிய வேண்டுவது ஓடிய தொலைவு.

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. டயரில் ஓரிடத்தில் சுண்ணாம்புப் பொட்டு இட்டு, ஒருவர் வண்டியில் அமர்ந்திருக்க, சமதரையில் நேராக உருட்டுதல் வேண்டும். தரையில் பதியும் இரு பொட்டுகளுக்கு இடைப்பட்ட தொலைவே சக்கரத்தின் சுற்றளவாகும். நம் நாட்டில் பெரிதும் வழங்கும் 28 அங்குலச் சக்கரத்தில் இது ஏறக்குறைய 2.22 மீட்டர் இருக்கும். எனவே ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுமார் 450 முறை சுழல்கிறது. 1895-இல் அமெரிக்கரான கர்ட்டிஸ் வீடர் அமைத்த கருவி இச்சுழற்சிகளைப் பற்சக்கரங்களால் எண்ணியது. இக்காலத்துக் கருவிகள் பல, ஆரக்கம்பியில் பொருத்திய சிறு காந்தத்தைக் கொண்டு எண்ணுகின்றன. கருவி இல்லாதவர், நாள்தோறும் செல்லும் வழியின் நீளத்தை ஒருமுறை அறிந்துகொண்டு, சென்று வந்த தடவைகளைக் குறித்து வந்தாலே போதும்.

செயின் நீள்வது எவ்வாறு?

உறுப்புகளுள் தொலைவுக்கு ஏற்பத் தேய்வதைத் தெளிவாகக் காட்டுவது செயின். அது ‘இழுபட்டு நீண்டுவிட்டது’ என்று கூறுவது வழக்கம். உண்மையில் எஃகுத் தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் உள்ள ஆணியும் அதைச் சூழ்ந்த புஷ் என்னும் சிறு குழலும் உராய்ந்து தேய்வதால், மூட்டுக்கு மூட்டு உள்ள இடைவெளி சிறிது சிறிதாக மிகுகிறது.

முன்புறம் 44 பற்களும் பின்புறம் 18 பற்களும் கொண்ட ஒரு வண்டியை எடுத்துக்கொள்க. பின் சக்கரம் 450 முறை சுழலும்போது அதன் பற்களில் 8,100 கண்ணிகள் ஏறி இறங்குகின்றன. செயினில் 112 கண்ணிகள் இருப்பின், விடாது மிதித்துச் செல்லும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் செயின் ஏறத்தாழ 72 முறை சுற்றி வருகிறது. ஒரு சுற்றில் ஒவ்வொரு மூட்டும் நான்கு முறை வளைகிறது அல்லது நிமிர்கிறது. எனவே 1,000 கிலோமீட்டரில் ஒரு மூட்டு ஏறக்குறைய 2,90,000 முறை அசைகிறது. மூட்டுக்குள் மணல் புகுந்திருந்தால் அத்தனை முறையும் அது அரமாகி அராவுகிறது.

மூட்டுகள் தேய்ந்தால் சங்கிலி நீளும் என்பது நில அளவையாளர் நன்கு அறிந்த செய்தி. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்ப்டன் தமது பெரும் அளவையின் அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். அளக்கும் சங்கிலியை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்கென்றே மற்றொரு சங்கிலி தனியே வைக்கப்பட்டிருந்தது. மிதிவண்டிச் செயினுக்கும் இம்முறையே பொருந்தும். ஒப்பிடும் சங்கிலிக்குப் பதிலாக ஓர் எஃகு அளவுகோல் போதும்.

அளக்கும் முறை

செயினின் இரு ஆணிகளுக்கு இடைப்பட்ட தொலைவு அரை அங்குலம். ஆதலால் புதிய செயினில் 24 இடைவெளிகள் சேர்ந்து சரியாக 12 அங்குலம் ஆகும். பிரேக்கைப் பிடித்தவாறு பெடலைச் சற்று அழுத்திச் செயினை விறைப்பாக்கி, ஓர் ஆணியின் நடுவில் அளவுகோலின் தொடக்கத்தை வைத்து, இருபத்தைந்தாம் ஆணியின் நடு எங்கு வருகிறது என்று காண்க. 12 அங்குலத்தைத் தாண்டி வீசம் அங்குலம், அதாவது 1/16 அங்குலம், மிகுந்திருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. மூட்டு ஒன்றுக்கு இது 0.07 மில்லிமீட்டருக்கும் குறைவே. கண்ணுக்குப் புலப்படாத இத்தேய்மானத்தை 24 மூட்டுகளைச் சேர்த்து அளப்பதால் எளிதில் காண முடிகிறது.

அரைக்கால் அங்குலம், அதாவது 1/8 அங்குலம், மிகும்வரை விட்டுவைத்தால் கேடு செயினோடு நிற்பதில்லை. நீண்ட செயின் பற்களின் அடியில் படியாமல் மேலேறி நின்று, அவற்றைக் கொக்கி வடிவாகத் தேய்த்துவிடுகிறது. பிறகு புதுச் செயின் போட்டாலும் அது பழைய பற்களில் பொருந்தாது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும் வேளையில் செயின் பல் தாவிவிடும்; கால் வழுக்கி, ஓட்டுபவர் விழுவார். பின்புறப் பிரீவீலையும், சில வேளைகளில் முன் பற்சக்கரத்தையும் சேர்த்து மாற்றும் செலவும் நேரும்.

ஏனைய உறுப்புகள்

எல்லா உறுப்புகளும் தொலைவை ஒட்டியே தேய்வதில்லை. பிரேக் கட்டைகள் ஓடிய தொலைவைவிட, பிடித்த தடவைகளையும் சேற்றையும் பொறுத்துத் தேய்கின்றன. கட்டையைத் தாங்கும் இரும்பு ரிம்மில் படும் நிலைக்கு முன்பே அதனை மாற்றுதல் வேண்டும். பின் டயர் மிகுந்த பாரத்தைத் தாங்கி வண்டியையும் உந்துவதால் முன் டயரினும் விரைவில் தேயும். ரப்பருக்கு அடியிலுள்ள நூலிழை தெரிந்தால் அதனை மேலும் ஓட்டலாகாது. சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கையில் ஆட்டம் தெரிந்தால் அச்சின் கோன்களைச் சரிசெய்தல் வேண்டும்.

குறிப்பேடு

ஆகவே தொலைவு மட்டும் போதாது. அளவு மட்டும் போதாது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதி வருதல் வேண்டும். நாள், அதுவரை ஓடிய மொத்தக் கிலோமீட்டர், 24 கண்ணிகளின் நீளம், பிரேக் கட்டையின் கனம், ‘மழை’ அல்லது ‘புழுதி’ என்னும் வழியின் நிலை, மாற்றிய உறுப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் வகுத்துத் திங்களுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். கொல்லங்கோட்டு வயல்வழியே செல்லும் வண்டிக்கும், கோவிந்தாபுரம் நோக்கிச் செல்லும் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. தன் வழியில் தன் செயின் எத்தனை கிலோமீட்டருக்கு வீசம் அங்குலம் நீள்கிறது என்பதை ஓராண்டுக் குறிப்பே ஒருவருக்குச் சொல்லிவிடும்.

குறிப்போடு பராமரிப்பும் தேவை. மழையில் நனைந்த செயினைத் துடைத்து உலரவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு துளி எண்ணெய் இட்டு, வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுக. வெளியில் தங்கும் எண்ணெய் புழுதியைப் பற்றிக்கொண்டு தேய்மானத்தை மிகுவிக்கும்.

பள்ளியில் இது நல்ல செய்முறைப் பாடமுமாகும். மாணவர் வரும் வண்டிகளின் செயின்களை அளந்து, ஓடிய தொலைவை ஒரு பக்கமும் நீட்சியை மறுபக்கமும் குறித்து வரைபடம் வரையச் செய்யலாம். உராய்வு, சராசரி, அளவைப் பிழை ஆகியவற்றை அவர்கள் தம் வண்டியிலேயே கற்பர். மாற்ற வேண்டிய செயின் எவருடையது என்பதும், அவர் மேட்டில் விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.