முப்பதுக்குள் அடங்காதவை

பழைய யந்திரம் ஒன்றன் பெருமையைச் சொல்லவேண்டுமாயின், அதில் ஓடிய விளையாட்டுக்களுள் எவற்றை எடுத்துக்காட்டுவது? வினா சிறிதெனத் தோன்றும். ஆயின், தந்தை ஒன்றைச் சொல்ல மைந்தன் மற்றொன்றைச் சொல்ல, வீடே இரு கட்சியாகப் பிரிதற்கு இது போதும். ஒருவர் அதிகம் விற்றதைச் சொல்வார். மற்றவர் தாம் சிறுபிராயத்தில் விரும்பியதைச் சொல்வார். இரண்டும் நேர்மையான விடைகளே. எனினும் யந்திரத்தின் இயல்பைக் காட்டுதற்கு இவ்விரண்டும் போதா என்பதே நமது கருத்து.

யப்பானின் கியோத்தோ நகரிலே, 1889ஆம் ஆண்டில் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய நிறுவனம் நிண்டெண்டோ. அந்நிறுவனம் 1983 யூலை 15ஆம் திகதி 'பமிக்கொம்' என்னும் வீடியோ விளையாட்டு யந்திரத்தை வெளியிட்டது. மசயுக்கி உவெமுரா என்னும் பொறியியலாளர் அதனை வடிவமைத்தார். 1985இல் அமெரிக்காவை அடைந்தபொழுது அது 'நெஸ்' எனப் பெயர் பெற்றது. உலகெங்கும் ஏறத்தாழ 6 கோடியே 19 இலட்சம் யந்திரங்கள் விற்பனையாயின. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, கசெற் ஒன்றைச் செருகி விளையாடும் இவ்யந்திரத்துக்கு வேலை செய்தற்கு வாய்த்த நினைவகமோ 2 கிலோபைற் மாத்திரமே. வாசகர் கையிலுள்ள இச்சிறு கட்டுரையின் எழுத்துக்களைக்கூட அது முழுமையாகத் தாங்காது.

ஆகவே, தெரிவுக்கு நாம் கொள்ளத்தக்க உரைகற்கள் மூன்று. சிறிய பாத்திரத்திலே பெரிய விருந்து சமைக்கப்பட்டதா? முன்னர் இல்லாத ஒன்று அதனால் உண்டாயிற்றா? பின்வந்தோர் அதனைப் பார்த்துக் கற்றனரா?

முதலாவதாக நிற்பது, 1985 செப்ரெம்பர் 13ஆம் திகதி வெளிவந்த 'சுப்பர் மாரியோ பிறதர்ஸ்'. விளையாட்டு முழுவதும் 40 கிலோபைற்றுள் அடங்கிற்று. வானத்து மேகமும் நிலத்துப் புதரும் ஒரே வடிவம். நிறம் மட்டுமே வேறு. சிக்கனம் இவ்வாறு அழகாயிற்று. அன்றியும், சிகெரு மியமோத்தோ அமைத்த முதற் கட்டத்தைக் காண்க. வீரன் திரையின் இடப்புறம் நிற்கிறான். வலப்புறம் வெறுமையாய் இருத்தலின், செல்லவேண்டிய திசை தானே விளங்குகிறது. சிறிது தூரத்தில் முதற்பகை எதிரே வருகிறது; தாண்டக் கற்றவன் பிழைக்கிறான். ஒரு சொல்லும் எழுதாது பாடம் நடத்தும் இவ்வித்தையை ஆசிரியராகிய நாமும் வியந்து போற்றுகிறோம்.

இரண்டாவது 'செல்டா'. 1986இல் யப்பானில் காந்தத் தட்டிலும், 1987இல் அமெரிக்காவிற் பொன்னிறக் கசெற்றிலும் அது வெளியாயிற்று. அக்கசெற்றினுள்ளே சிறு மின்கலம் ஒன்றை வைத்தனர். யந்திரத்தை நிறுத்தினும், ஆடியவன் சென்ற தூரம் அழியாது நின்றது. ஒரே மாலையில் முடிதற்கே உரியதாயிருந்த விளையாட்டு, பல வாரம் தொடரும் பயணமாயிற்று.

மூன்றாவது, 1986இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்'. யூஜி ஹோரி கதை அமைக்க, அகிரா தொரியாமா சித்திரம் தீட்ட, கொய்ச்சி சுகியாமா இசை வகுத்தார். கைவிரைவு இல்லாதாரும் பொறுமையினால் வெல்லலாம் என்பதே அதன் புதுமை. 1988 பெப்ரவரியில் அதன் மூன்றாம் பாகம் வெளிவந்த அன்று, யப்பானிய மாணவர் பலர் வகுப்பைத் துறந்து கடைவாயிலில் வரிசையாய் நின்றனர். கல்லூரி ஆசிரியர் எவரும் இதனைப் புகழார். ஆயினும் மறைத்தலும் முறையன்று.

நான்காவது, 1984இல் வந்த 'டக் ஹன்ட்'. திரையிற் பறக்கும் வாத்துக்களைத் துப்பாக்கியாற் சுடுவது அது. விசையை இழுத்ததும் திரை கணப்பொழுது இருளும். வாத்திருந்த இடத்தில் வெண்கட்டம் தோன்றும். துப்பாக்கி அவ்வொளியைக் கண்டால் வாத்து விழும். குழந்தையும் பாட்டியும் ஒருங்கே ஆடக்கூடியது என்பதே இதன் சிறப்பு.

ஐந்தாவதில் ஒரு தடை எழும். 'ரெற்றிஸ்' இவ்யந்திரத்துக்கே உரியதன்று. 1984இல் மொஸ்கோவிலே அலெக்சி பஜித்நோவ் ஆக்கியது. அதனை விலக்கலாமன்றோ என்பர் சிலர். நாம் விலக்கோம். இவ்யந்திரத்துக்கென 1989இல் நிண்டெண்டோ வெளியிட்ட ரெற்றிஸை, 2023 டிசெம்பரில் அமெரிக்கச் சிறுவன் ஒருவன், அது மேற்செல்ல இயலாது உறைந்து நிற்குமளவும் ஆடினான். அவ்வெல்லையை எட்டிய முதல் மனிதன் அவனே. வயதோ 13. அவன் பிறப்பதற்கு இருபது ஆண்டு முன்னரே தோன்றிய விளையாட்டு, அவனுக்கெனச் சவால் ஒன்றை வைத்துக் காத்திருந்தது.

இனி, நமது பட்டியலை நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிடுவோம். 2016இல் நிண்டெண்டோ இவ்யந்திரத்தைச் சிற்றுருவில் மீண்டும் வெளியிட்டபொழுது, 30 விளையாட்டுக்களைத் தெரிந்து உள்ளே வைத்தது. யப்பானியருக்கு வைத்தவற்றுக்கும் மேனாட்டாருக்கு வைத்தவற்றுக்கும் பொதுவாயிருந்தவை 22. எஞ்சிய எட்டும் வேறு. யந்திரம் ஒன்றாயினும் நினைவு இரண்டு என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டவாறாயிற்று. நாம் கூறிய ஐந்தனுள் மூன்று அவ்விரண்டிலும் இல்லை. டிராகன் குவெஸ்ட் இல்லை, ரெற்றிஸ் இல்லை, டக் ஹன்ட் இல்லை. ஒளித் துப்பாக்கி பழைய குழாய்த் திரைக்கென அமைந்தது. இன்றைய தட்டைத் திரைமுன் அது குருடாகும். ரெற்றிஸின் உரிமையோ வேறிடத்தில் உள்ளது. எனவே, ஒரு பெட்டியில் இல்லாமை தகுதியின்மைக்குச் சான்றாகாது.

இது வீண்வாதம் அன்று. தொகை நூல்களிற் சேர்ந்த சங்கப் பாடல்கள் நம்மை வந்தடைந்தன. சேராது மறைந்தன எத்தனை என்பதைச் சொல்வார் யார்? அமெரிக்காவிலே 2010க்கு முன் வெளியான விளையாட்டுக்களில் நூற்றுக்கு 87 இப்பொழுது விலைக்குக் கிடைப்பதில்லையென 2023இல் வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. விற்பனைக்குரிய முப்பதே வரலாறு என்று வருங்காலம் நம்புமாயின், எஞ்சியவை இருந்தன என்ற எண்ணமும் அழியும்.

ஆதலின், பட்டியல் இடுவோர் தாம் சேர்த்தவற்றுக்குக் காரணம் கூறுதல் வேண்டும். இடமின்றி விட்டவற்றின் பெயரையேனும் கீழே குறித்தல் வேண்டும். வீட்டுப் பரணிலே பழைய கசெற்றுக்கள் கிடப்பின், அவற்றை எறிந்துவிடாதீர்கள். செல்டாவின் மின்கலம் ஒருநாள் வற்றும். வற்றினால், அதிலே சேமித்துவைத்த பயணமும் போய்விடும். அதற்கு முன், அதனை ஆடியவர் யார், எங்ஙனம் வென்றார் என்பதைப் பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்டு எழுதி வைப்பாராக. எந்த நிறுவனமும் வெளியிட இயலாத பட்டியல் அதுவே.