பலகை விடும் மூச்சு

ஒரு சாக்பீஸ் துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பொடிப்பொடியாய்க் குமிழ்கள் கிளம்பும். சாக்பீஸின் நுண்துளைகளில் பதுங்கியிருந்த காற்று அது. பால்சா மரத்துக்குள்ளும் இப்படித்தான், எங்கு பார்த்தாலும் காற்று.

பால்சா, தென் அமெரிக்காவின் ஈக்வடாரில் நிறைய வளர்கிறது. ஸ்பானிய மொழியில் 'பால்சா' என்றால் தெப்பம். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ. அதே அளவு காய்ந்த பால்சா சுமார் 160 கிலோதான்!

1940களின் இறுதியில், கலிபோர்னியாவில் பாப் சிம்மன்ஸ், ஜோ குவிக் போன்றவர்கள் இந்த மரத்தில் அலைச்சறுக்குப் பலகை செய்தார்கள். அதற்கு முந்தைய கெட்டி மரப் பலகைகளைத் தண்ணீர் வரை தூக்கிப்போவதே பெரும்பாடு. பால்சா லேசுதான், ஆனால் நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். தண்ணீரையும் குடிக்கும். அதனால் அதற்கு ஒரு கண்ணாடிச் சட்டை போட்டார்கள். கண்ணாடியை முடிபோல மெல்லிசாக இழுத்து நெய்த துணி, அதன்மேல் ரெசின் என்ற, ஊற்றியபின் இறுகிவிடும் பிசின்.

துணி வெள்ளை வெளேரென்று இருக்கும். ரெசினை ஊற்றி வழித்ததும் துணியே காணாமல் போய், மரத்தின் வரிகள் பளிச்சென்று தெரியும்! பஜ்ஜி மடித்த தாளில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளி விடுமே, அதே வித்தை. இழைகளுக்கு நடுவே காற்று இருந்தவரை ஒளி கண்டபடி சிதறியது. ரெசினும் கண்ணாடியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பவை. ஆகவே காற்றின் இடத்தில் ரெசின் வந்ததும் ஒளி தடுமாறாமல் உள்ளே போய்விடுகிறது.

வம்பு வேறிடத்தில். காலைக் குளிரில் கிடந்த பலகைக்கு ரெசின் பூசி, வெயிலில் வைத்தால்? மரத்துக்குள் இருக்கும் காற்று சூடேறி விரியும். இறுகாத ரெசினைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். போதாததற்கு, ரெசின் இறுகும்போது தானாகவே சூடாகும். குமிழ் உடைந்த இடத்தில் ஊசிமுனை ஓட்டை விழும். கடலுக்கு அது போதும். தண்ணீர் புகுந்து மரம் கறுக்கும், பலகை கனக்கும்.

கைதேர்ந்தவர்கள் பொழுது சாயக் காத்திருப்பார்கள். வெதுவெதுப்பான பலகை நிழலில் ஆறத் தொடங்கும் நேரம் பார்த்து, துணி இல்லாமல் ரெசினை மட்டும் மெல்லிசாகத் தடவுவார்கள். ஆறும் காற்று சுருங்கும். சுருங்கும்போது ரெசினைத் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். அது இறுகியபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அப்புறம்தான் துணி. (ரெசின் நெடி பொல்லாதது. இந்த வேலை முகமூடி போட்ட பெரியவர்களுக்கு மட்டும்!)

பலகையின் இரு முனைகளும் மற்ற இடங்களைவிட அதிகம் ரெசினைக் குடிக்கும். அங்கே மரக்குழாய்கள் வாய் திறந்து கிடக்கின்றன. அங்கே மட்டும் இன்னொரு தரம் தடவ வேண்டும்.