ஒரே வெயில், இரண்டு விலை

கலிஃபோர்னியாவில் சான்ட்டா கிளாரா நகரம் எங்கே முடிகிறது, பக்கத்து ஊரான சன்னிவேல் எங்கே தொடங்குகிறது என்று நேரில் பார்த்தால் புரியாது. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி மரங்கள். இரண்டு ஊர்க் கூரைகளிலும் விழுவது ஒரே வெயில். ஆனால் கரண்ட் பில் வரும் இடம் வேறு. சான்ட்டா கிளாரா வீட்டுக்கு மின்சாரம் தருவது அந்த நகரத்துக்கே சொந்தமான சிலிக்கான் வேலி பவர். யூனிட்டுக்கு ஏறத்தாழ 17, 18 சென்ட். சன்னிவேல் வீட்டுக்கு வரும் கம்பி பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற தனியார் நிறுவனத்துடையது. அங்கே அதே யூனிட் 40 சென்ட்டைத் தொட்டுவிட்டது.

இரண்டு வீட்டிலும் ஒரே நாளில், ஒரே கம்பெனியின் சோலார் பேனலை ஏற்றினால் போட்ட பணம் யாருக்கு முதலில் திரும்பும்? விடை சன்னிவேல் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஏன் என்று தேடிப் போனால்தான், ஒரு யூனிட் மின்சாரத்தின் விலைக்குள் எத்தனை சங்கதிகள் அடங்கியிருக்கின்றன என்பது தெரியவரும்.

முதலில் கூரையின் மேல் நடப்பதைப் பார்த்துவிடுவோம். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஆற்றல் சுமார் 1000 வாட். ஒளி ஆற்றல் பொட்டலங்களாக, ஃபோட்டான்களாக வருகிறது. சிலிக்கானுக்குள் கட்டுண்டு கிடக்கும் எலெக்ட்ரானை விடுவிக்க 1.1 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அதற்குக் குறைவாகக் கொண்டுவரும் அகச்சிவப்பு ஃபோட்டான் சிலிக்கானைத் தாண்டிப் போய்விடும். நீல ஒளியின் ஃபோட்டான் தேவையைப்போல் இரண்டு மடங்குக்கும் கூடுதலாகக் கொண்டுவரும். ஆனால் அதுவும் ஒரே ஒரு எலெக்ட்ரானைத்தான் விடுவிக்கும், மிச்சமெல்லாம் சூடாகிப் போகும். இப்படி இரண்டு பக்கமும் இழப்பு இருப்பதால், ஒற்றை அடுக்கு சிலிக்கான் செல் எத்தனை நேர்த்தியாகச் செய்தாலும் வெயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரமாக மாறாது.

இந்த எல்லையை 1961இல் கணக்கிட்டுச் சொன்னவர்கள் வில்லியம் ஷாக்லி, ஹான்ஸ் குவைசர் என்ற இரு இயற்பியலாளர்கள். டிரான்சிஸ்டருக்காக நோபல் பரிசு பெற்ற அதே ஷாக்லிதான் 1956இல் மவுன்டன் வியூவில் ஆய்வுக்கூடம் தொடங்கி, இன்று சிலிக்கான் வேலி எனப்படும் அந்தப் பள்ளத்தாக்குக்கு சிலிக்கானைக் கொண்டுவந்தவர். சன்னிவேலைத் தாண்டினால் மவுன்டன் வியூ. அந்தக் கூரைகளின் மேல் உள்ள பேனல்களின் உச்ச வரம்பு, அந்தக் கூரைகளுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டது.

1954இல் பெல் ஆய்வுக்கூடம் உலகுக்குக் காட்டிய முதல் சிலிக்கான் சோலார் செல் வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று வீட்டுக்கு வாங்கும் பேனல் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு சதுர மீட்டர் பேனல் ஒன்று 400 வாட் கொடுக்கும். பன்னிரண்டு பதின்மூன்று பேனல் வைத்தால் 5 கிலோவாட். சான்ட்டா கிளாரா வெயிலுக்கு அது ஆண்டுக்கு 7500 யூனிட் அளவுக்குத் தரும். ஆண்டுதோறும் அரை சதவீதம்போல் திறன் குறையும். 25 ஆண்டு உத்தரவாதத்தோடு விற்கிறார்கள். அசையும் பாகம் எதுவும் இல்லாமல் கால் நூற்றாண்டு உழைக்கும் இன்னொரு மின் உற்பத்திக் கருவி நம் வீட்டில் கிடையாது.

இனி பணம். அமெரிக்காவில் 5 கிலோவாட் அமைக்க 15 ஆயிரத்திலிருந்து 20 ஆயிரம் டாலர் ஆகும். நடுவில் 17,500 என்று வைத்துக்கொள்வோம். இதில் பேனலின் பங்கு சிறியது. 1970களின் நடுவில், இன்றைய பண மதிப்பில் வாட்டுக்கு 100 டாலர் அளவில் விற்ற பேனல் இப்போது அரை டாலருக்கும் கீழே வந்துவிட்டது. செலவு எங்கே போகிறது என்றால் கூரை ஏறும் ஆட்களின் கூலி, நகராட்சி அனுமதி, ஆய்வு, வாடிக்கையாளரைப் பிடிக்கும் விளம்பரம், விற்பனையாளர் கமிஷன், கம்பெனியின் லாபம் என்று போகிறது. மொத்தத்தில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட செலவுதான்.

17,500 டாலர் போட்ட சான்ட்டா கிளாரா வீட்டுக்காரருக்கு 7500 யூனிட்டும் முழு விலையில் கழிந்தால், யூனிட்டுக்கு 17 சென்ட் வீதம் ஆண்டுக்கு 1275 டாலர் மிச்சம். முதல் திரும்ப 14 ஆண்டு ஆகும். வட்டியைச் சேர்த்தால் நிலைமை இன்னும் இறுகும். அதே பணத்தை 4 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 700 டாலர் வந்திருக்கும். இந்த வட்டியையும் எடுத்து முதலையும் எடுக்க 20 ஆண்டு. பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மின்சாரமாக்கும் இன்வர்ட்டரையும் இடையில் ஒருமுறை புதிதாக மாற்ற வேண்டியிருக்கும். மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனால் காலம் சுருங்கும். எந்த வேகத்தில் ஏறும் என்பதுதான் இந்தக் கணக்கிலேயே பெரிய ஊகம். சோலார் விற்க வருபவர் காட்டும் தாளில் முதலில் பார்க்க வேண்டிய எண்ணும் அதுதான்.

சன்னிவேலில் அதே 7500 யூனிட்டும் 40 சென்ட் வீதம் கழிந்தால் ஆண்டுக்கு 3000 டாலர். ஆறு ஆண்டுக்குள் முதல் கைக்கு வந்துவிடும். ஒரு காலத்தில் அப்படித்தான் வந்தது. இப்போது வராது. அதற்குக் காரணம் மீட்டர்.

பழைய சக்கர மீட்டரை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் ஒரு அலுமினியத் தட்டு, விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. வீட்டுக்குள் மின்சாரம் வரும்போது தட்டு ஒரு பக்கம் சுற்றும். கூரையிலிருந்து மின்சாரம் வெளியே போகும்போது அதே தட்டு மறுபக்கம் சுற்றி, ஏறிய எண்ணை இறக்கும். கொடுத்த யூனிட்டுக்கும் வாங்கிய யூனிட்டுக்கும் ஒரே மதிப்பு என்ற நெட் மீட்டரிங் முறை அந்தத் தட்டின் இயல்பிலேயே இருந்தது. கலிஃபோர்னியா 1995இல் அதைச் சட்டமாக்கியது. சோலார் வீடுகள் சில ஆயிரமாக இருந்தவரை எந்தச் சிக்கலும் இல்லை. லட்சக்கணக்கில் பெருகியதும் நண்பகலில் மாநிலமே மின்சாரத்தில் மிதக்கத் தொடங்கியது. வசந்த காலப் பகல்களில் மொத்தச் சந்தை விலை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகிறது. பொழுது சாய்ந்ததும் எல்லாப் பேனலும் ஒன்றாக ஓய, அடுப்பும் விளக்கும் ஏசியும் ஒன்றாக எழ, சில மணி நேரத்துக்குள் எரிவாயு நிலையங்களும் பெரிய பேட்டரிகளும் அந்தப் பள்ளத்தை நிரப்பியாக வேண்டும். பகல் ஒரு மணி யூனிட்டும் இரவு எட்டு மணி யூனிட்டும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

ஆகவே 2023 ஏப்ரல் முதல், தனியார் நிறுவனங்களின் பகுதிகளில் புதிதாகச் சோலார் போடுவோர் வெளியே அனுப்பும் மின்சாரத்துக்கு முன்பு கிடைத்ததில் சராசரியாகக் கால் பங்குதான் கிடைக்கிறது. சன்னிவேல் வீட்டில் பாதி யூனிட் வீட்டுக்கே பயன்பட்டு, மீதி யூனிட்டுக்கு 6 சென்ட் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் ஆண்டு மிச்சம் 1725 டாலர். ஆறு ஆண்டு பத்து ஆண்டாகிறது.

மலிவான பொது நிறுவனமும் இதே வழியில் போனால் கணக்கு இன்னும் நீளும். சாக்ரமென்டோ மக்கள் 1923இல் வாக்களித்து உருவாக்கிய ஸ்மட் என்ற நிறுவனம் 2022இல் வெளியே வரும் சோலார் யூனிட்டுக்கு 7.4 சென்ட் என்று விலை வைத்தது. வீட்டில் பாதி 18 சென்ட்டுக்குக் கழிந்து, மீதி 7.4 சென்ட்டுக்குப் போனால் ஆண்டுக்கு 950 டாலர்போல் மிச்சம். முதல் திரும்ப 18 ஆண்டு. இத்தனை காலம் தாங்கிப் பிடித்தது மத்திய அரசின் 30 சதவீத வரிச்சலுகை. 17,500ஐ 12,250 ஆக்கிக் காட்டிய அந்தச் சலுகை, சொந்தமாகப் பேனல் வாங்கும் வீடுகளுக்கு 2025 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது.

அப்படியானால் சான்ட்டா கிளாரா பக்கம் விலை ஏன் இவ்வளவு குறைவு? சான்ட்டா கிளாரா தன் மின்சாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கியது 1896இல். ஊருக்குச் சொந்தமான நிறுவனத்தில் லாபப் பங்கு கேட்கும் பங்குதாரர் இல்லை. கடன் பத்திரத்துக்கு வரிவிலக்கு இருப்பதால் வட்டி குறைவு. வடக்கு கலிஃபோர்னியாவின் பொது நிறுவனங்கள் கூட்டாக நடத்தும் புவிவெப்ப, நீர்மின் நிலையங்களில் நகரத்துக்குப் பங்கு இருக்கிறது. பரப்பும் சிறியது, வாங்குவோர் நெருக்கமாக இருக்கிறார்கள். நகரத்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இரவு பகல் ஓயாமல் இயங்கும் டேட்டா சென்டர்களுக்குப் போகிறது. கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் சும்மா இருக்கும் நேரம் குறைவு என்பதால் அவற்றின் செலவு அதிக யூனிட்டுகள் மேல் பரவிவிடுகிறது.

சன்னிவேல் பக்கத்துத் தனியார் நிறுவனமோ காடும் மலையும் தாண்டி ஆயிரக்கணக்கான மைல் கம்பி இழுத்திருக்கிறது. 2018 நவம்பரில் அதன் பழைய மின்பாதையில் பிறந்த தீ பாரடைஸ் என்ற ஊரையே அழித்து 85 உயிர்களைக் கொண்டுபோனது. 2019 ஜனவரியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதன்பின் மரம் வெட்டவும் கம்பியை மண்ணுக்கடியில் புதைக்கவும் ஆகும் பெருஞ்செலவு, காட்டையே பார்த்திராத சன்னிவேல்காரரின் பில்லில் வந்து ஏறுகிறது. அவர் கூரைப் பேனல் மிச்சப்படுத்தும் 40 சென்ட்டில் எரிபொருளின் பங்கு கொஞ்சம்தான். பெரும்பங்கு கம்பிக்கும் கம்பத்துக்கும் காட்டுத்தீக்கும்.

சோலார் விவாதத்தின் நடுப்புள்ளி இங்கேதான் இருக்கிறது. ஒரு வீடு யூனிட்டைக் குறைத்துக்கொண்டாலும் அந்த வீட்டு வாசலில் உள்ள கம்பம் அப்படியேதான் நிற்கிறது. இரவில் அந்த வீட்டுக்கு அது வேண்டும். அதற்கான செலவைச் சோலார் வீடு கொடுக்காவிட்டால், கூரை இல்லாத அடுக்குமாடிக்காரரும் வாடகைக்காரரும் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதில் சண்டை உண்டு. கூரை சோலார் புதிய மின்பாதைகளின் தேவையைக் குறைத்து எல்லோருக்கும் நன்மை தருகிறது என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஊரார் எல்லோருமே முதலாளிகளாக இருக்கும் நகராட்சி நிறுவனத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஒருவர் மிச்சப்படுத்துவது அவர் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து நடத்தும் கடையிலிருந்து.

குழாயில் நல்ல தண்ணீர் மலிவாக வரும் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு வெட்டலாமா என்று கேட்பது போன்றதுதான் இது. வெட்டலாம், தவறில்லை. ஆனால் ஊருக்குப் பொதுவாக வெட்டும் பெரிய கிணற்றில் ஒரு குடத்துக்கு ஆகும் செலவு குறைவு. மின்சாரத்திலும் இதே நிலைதான். வெட்டவெளியில் சூரியனைத் தொடர்ந்து திரும்பும் பெரிய சோலார் பண்ணையில் ஒரு யூனிட்டின் அடக்கவிலை வீட்டுக் கூரை யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். வெயிலை மின்சாரமாக்கும் அதே சிலிக்கான்தான். கூலியும் அனுமதியும் கமிஷனும் வீடுதோறும் திரும்பத் திரும்ப விழுவதில்லை, அவ்வளவுதான்.

பணத்துக்கு அப்பாலும் காரணங்கள் உண்டு. கரண்ட் போனால் வீடு இருளக்கூடாது என்பது அதில் ஒன்று. இங்கே பலர் ஏமாறும் உண்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாதாரணச் சோலார் இன்வர்ட்டர் தெருக்கம்பியின் துடிப்பைப் பார்த்துத்தான் ஓடும். தெருவில் கரண்ட் நின்றால், கம்பி பழுது பார்க்க ஏறும் ஊழியரின் உயிருக்காக அதுவும் உடனே நின்றுவிடும். கொளுத்தும் வெயிலிலும் வீட்டில் விசிறி சுற்றாது. அதற்குப் பேட்டரியும், வீட்டைத் தெருவிலிருந்து பிரிக்கும் சாதனமும் வேண்டும். செலவு பத்தாயிரம் டாலரைத் தாண்டும். இன்னொரு காரணம் கரிம உமிழ்வு. அதுவும் நியாயமான காரணம். மேற்கு அமெரிக்கா முழுக்க ஒரே மின்தொகுப்பு என்பதால், ஒரு கூரையில் விளையும் யூனிட் பெரும்பாலும் எங்கோ ஓர் எரிவாயு நிலையத்தின் யூனிட்டைக் குறைக்கும்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த யூனிட்டுகளுக்கு மானியம், மேலே போகப் போக 11 ரூபாய்க்கு மேல் என்று ஏறும் ஸ்லாப் இங்கே. பேனல் முதலில் வெட்டுவது உச்சியில் உள்ள விலை கூடிய யூனிட்டுகளைத்தான். இரண்டு ஏசி ஓடும் வீட்டுக்கு அது பெரிய பணம். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட்டோடு நிற்கும் வீட்டுக்கு, 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் மானியத்தைக் கழித்த பிறகும், காத்திருப்பு நீளம்.

எந்த ஊரானாலும் பேனல் போடுமுன் மூன்று எண்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பேனல் வெட்டப்போகும் யூனிட்டுக்கு இன்று நான் கொடுக்கும் விலை என்ன? வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைப்பது என்ன, அது எத்தனை ஆண்டுக்கு உறுதி? எல்லாம் சேர்த்துக் கூரையில் ஒரு கிலோவாட்டுக்கு ஆகும் செலவு என்ன? இந்த மூன்றும் தெரிந்தால் விடை தானே வரும். மலிவான பொது மின்சாரம் உள்ள ஊரில் விடை பெரும்பாலும் "அவசரமில்லை" என்றுதான் வரும். அதைச் சோலாரின் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பேனல் ஒரு கூரைக்குத் தரும் லாபத்தை, அந்த ஊர் நூறாண்டுக்கும் முன்பே எடுத்த ஒரு முடிவால் கூரையே இல்லாதவருக்கும் சேர்த்து மாதந்தோறும் கொடுத்துவருகிறது. அப்படிப்பட்ட ஊரில் இருப்பவர், அடுத்த சோலார் பண்ணையை எப்போது வாங்கப்போகிறீர்கள் என்று நகர மன்றத்தில் எழுந்து கேட்கலாம். தன் கூரையில் பன்னிரண்டு பேனல் ஏற்றுவதைவிட அந்தக் கேள்விக்கு விளைச்சல் அதிகம்.